கடைசித் தண்ணீர் யாருக்கு?



தை மாதக் காலையில் உத்தரகோசமங்கையிலிருந்து மேற்கே முதுகுளத்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு வயலும் கண்மாயும் மாறி மாறி வரும். நெல் அறுப்பு பாதி முடிந்திருக்கும். முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடிக் கண்மாய்க் கரையில், மழை பெய்த ஆண்டாகப் பார்த்து ஏறி நின்றால், தண்ணீருக்குள் நாட்டுக்கருவேல மரங்கள் நிற்பது தெரியும். எச்சம் படிந்து சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கும். ஒரு மரத்திலேயே பல கூடுகள். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கொக்கு, இராக்கொக்கு என்று பல இனமும் மேல்கிளை கீழ்கிளையாகக் குடியிருக்கும். காதை அடைக்கும் இரைச்சல், மூக்கைத் துளைக்கும் மீன் வாடை.

இப்படிப்பட்ட கண்மாய்களில் கரைக்கு மறுபக்கம், மடைக்குக் கீழே வயல் கிடக்கிறது. அங்கே பிந்தி நட்ட நெல்லுக்கோ, மிளகாய்க்கோ, பருத்திக்கோ இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும். கண்மாயில் மிச்சமிருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாசி பிறந்தால் வெயில் ஏறிவிடும். தண்ணீரை இறைத்தால் பயிர் பிழைக்கும், கூட்டுக்குக் கீழே தரை காயும். விட்டுவைத்தால் குஞ்சு பிழைக்கும், பயிர் வாடும். கடைசித் தண்ணீர் யாருக்கு? தர்மம் என்ற சொல்லை நாள்தோறும் வாயில் வைத்திருக்கும் அன்புக்கொடி மக்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கூட்டுக்கு அடியில் தண்ணீர் எதற்கு? மீனுக்காக என்று தோன்றும். ஆனால் நாரையும் கூழைக்கடாவும் இரைக்காக வெகுதூரம் பறந்து, வேறு கண்மாய்க்கும் வயலுக்கும் கடற்கழிக்கும் போய்வரக் கூடியவை. மரத்தடித் தண்ணீரின் வேலை வேறு. அது அகழி. நாயும் நரியும் காட்டுப்பூனையும் கீரியும் எளிதில் அந்த மரத்தை நெருங்க முடியாது. தண்ணீர் சூழ்ந்த ஒவ்வொரு கருவேலும் ஒரு சிறு தீவு. பறவை அதைப் பார்த்துத்தான் இடம் தேர்கிறது. 2016-ம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழகம் எங்கும் பொய்த்ததே, அப்படிப்பட்ட ஆண்டுகளில் மரம் அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் சுற்றிலும் தரை வெடித்துக் கிடக்கும் மரத்தில் பறவை கூடு கட்டாது.

கட்டிய பிறகு தண்ணீர் வற்றினால்தான் பெரிய துன்பம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிய பிறகு குச்சி பொறுக்கி, கூடு முடைந்து, முட்டை இடுகின்றன. மஞ்சள் மூக்கு நாரை அடைகாக்க ஒரு மாதம் ஆகும். குஞ்சுக்கு இறகு முற்றிப் பறக்க அதற்கு மேலும் இரண்டு மாதம். கூழைக்கடாக் குஞ்சுக்கு இன்னும் கூடுதலான நாள் வேண்டும். ஆக மழை பிந்திய ஆண்டில் மாசி, பங்குனி வரைக்கும் கூட்டில் குஞ்சு இருக்கும். தாய்க்குப் பறந்து போக இறகு உண்டு. குஞ்சுக்கு அது இல்லை. கீழே விழுந்தால் முன்பு தண்ணீர் இருந்த இடத்தில் நாய் நிற்கிறது.

கூட்டமாகக் கூடு கட்டுவதில் ஒரு பலமும் அதே அளவு பலவீனமும் இருக்கிறது. நூறு கண் பார்ப்பதால் பகை வருவது முன்னதாகத் தெரியும். ஆனால் ஒரு வேட்டுச் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் ஒன்றாக எழும்பிவிடும். நடுப்பகல் வெயிலில் தாய் எழுந்து போன கூட்டில், இறகு முளைக்காத குஞ்சு வெகுநேரம் தாங்காது. காகமும் பருந்தும் அந்த வேளைக்காகவே காத்திருக்கும். ஆகவே துப்பாக்கியால் ஒரு பறவையைக்கூடச் சுடாமல், வெறும் இரைச்சலாலும் நெருக்கத்தாலும் மட்டுமே ஒரு கண்மாயின் ஓராண்டுக் குஞ்சுகளை அழித்துவிடலாம். ஆசையாய்ப் படம் எடுக்கப் பரிசலில் மரத்தடிவரை போகிறவரும் இந்தக் கணக்கில் வருவார். அவர் பறவையை நேசிக்கிறவர் என்பது குஞ்சுக்குத் தெரியாது.

உச்சி வெயிலில் நாரைக் கூட்டைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. தாய் தன் இரு சிறகையும் குடைபோல விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அந்த நிழலுக்குள் குஞ்சுகள் சுருண்டு கிடக்கும். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் வாயிலும் மேலும் ஊற்றுவதும் உண்டு. நிழல் தாங்கல் என்று ஊர்தோறும் பெயர் வைத்து வணங்குகிறவர்களுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. சிறு ஏரியைத் தாங்கல் என்று அழைப்பதும் பழைய தமிழ் வழக்கு. தண்ணீரைத் தாங்குகிறது, அதை நம்பியவரையும் தாங்குகிறது.

சித்திரங்குடியும் அதற்கு அருகிலுள்ள காஞ்சிரங்குளமும் 1989-ல் பறவைகள் சரணாலயம் ஆயின. சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் 1998-ல். அது ஏறக்குறைய 593 ஹெக்டேர் பரப்பு. தேர்த்தங்கல் 2010-ல். ராமநாதபுரம் நகரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய் 2012-ல். ஈர நிலங்களைக் காக்க 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியலில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-லும் சேர்ந்தன. வறட்சி மாவட்டம் என்று பெயர் வாங்கிய ராமநாதபுரத்துக் கண்மாய்கள் உலகப் பட்டியலில் இருப்பது பெருமைதான். ஆனால் பட்டியல் மடையைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. அது கரையில் இருக்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குள் நுழையும்போது ஒரு தவறான எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகளாக வரும் பறவைகள் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்புகின்றன என்று பலரும் பேசுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறார்கள். வட தேசத்துப் பனிக்குத் தப்பி இங்கே வரும் வாத்தும் உள்ளானும் உண்டு என்பது மெய். அவை மேய்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். அவற்றின் கூடு அந்த ஊரில்தான். இங்கே கருவேல மரத்தில் கூடு கட்டும் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் இந்த நாட்டிலேயே பிறந்து இந்த நாட்டிலேயே வாழ்கிறவை. கண்மாய் நிரம்பும் இடம் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம் அலைகின்றன. அவ்வளவுதான்.

இது பெயர் திருத்தும் சிறு விஷயம்போலத் தோன்றும். ஆனால் கேள்வியையே மாற்றிவிடுகிறது. விருந்தாளி என்றால் தண்ணீர் வீட்டுக்காரனுடையது. அவன் மனமுவந்து கொஞ்சம் கொடுக்கிறான். இருந்தால் கொடுப்பான், இல்லாதபோது கைவிரிப்பான். அவனைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. இங்கேயே பிறந்த குடி என்றால் அது தானமாகக் கேட்கவில்லை. பங்கு கேட்கிறது. தானத்தை நிறுத்தலாம். பங்கை எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

சாமிதோப்பு முத்திரிக் கிணற்றை நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பொதுக் கிணற்றில் இறைக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், அய்யா எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றடியில் நிறுத்தினார். மேல் சாதியார் மனமிரங்கி ஒரு குடம் ஊற்றட்டும் என்று கேட்கவில்லை. தண்ணீர் எல்லாருக்கும் பொது என்பதைக் கிணறாகவே வைத்துக் காட்டினார். ஆடு, கோழிகளைப் பலியிடுவதையும் அவர் விலக்கினார். வாயில்லா உயிரின் உயிர் அதற்கே உரியது. மனிதன் தன் நேர்ச்சைக்காக எடுத்துக் கொடுக்கக் கூடிய பொருளாக அது ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கண்மாய்க் கேள்வியின் பாதி தெளிந்துவிடும்.

மற்றப் பாதி அவ்வளவு எளிதாகத் தெளியாது. ஏனென்றால் பழைய காலத்தில் பறவையைக் காத்த ஊர்கள் ஆதாயம் பார்த்தும் காத்தன. செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் மக்கள், துரைமார் வந்து பறவை சுடுவதைப் பொறுக்காமல், 1790-களின் இறுதியில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் கவுல் எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்த வயலில் உரம் போடாமலே நெல் விளையும் என்பது அவர்கள் கண்ட உண்மை. பறவை உரம் தந்தது, ஊர் காவல் தந்தது. நல்ல உடன்பாடு. ஆனால் இப்போது கடையில் யூரியா மூட்டை கிடைக்கிறது. ஆதாயம் குறைந்துபோன பின் காவல் மட்டும் எதற்கு என்று ஒருவன் கேட்டால் என்ன பதில்?

பதில் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் கிடைக்கலாம். அங்கே பறவைகள் குளத்தோடு நிற்காமல் ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. முற்றத்தில் எச்சம் விழும், மீன் முள் விழும், சில நாள் குஞ்சும் விழும். விழுந்த குஞ்சை எடுத்து ஊரார் வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள். வருகிற மருமகளும் கொஞ்ச நாளில் அதைப் பழகிக்கொள்கிறாள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சித்திரங்குடியிலும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முழுவதும் பட்டாசு இல்லாமல் வளர்ந்திருக்கிறார்கள். யூரியா வந்து பல காலம் ஆகியும் இந்தக் கட்டுப்பாடு தளரவில்லை. ஆதாயத்தில் தொடங்கியது எங்கோ ஒரு இடத்தில் ஊரின் மானமாக மாறிவிட்டது. எந்த ஆண்டில் மாறியது என்று அவர்களைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

வெடியை விடுவது ஒரு நாள் ஆசையை விடுவது. தண்ணீரை விடுவது அப்படி இல்லை. கடைமடைச் சம்சாரி ஒருவர் கேட்கக் கூடியது இதுதான்: “நாரைக் குஞ்சு சாகக் கூடாதுன்னு பட்டணத்துல இருந்து கார்ல வர்றவுக சொல்றாக. என் மிளகா கருகினா அவுகளா வந்து தண்ணி ஊத்துவாக? கூட்டுறவு வங்கிக்கு அவுகளா கட்டுவாக?” இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் கடந்துபோகும் எந்தத் தர்ம உபதேசமும் முழுமையாகாது. சரணாலயம் என்று ஆன கண்மாயில் ஊரார் முன்போல வண்டல் எடுக்கவோ விறகு வெட்டவோ இறங்க முடியாது. அதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆக விலை கொடுப்பவர் கடைமடைக்காரர், புகழ் வாங்குபவர் வேறொருவர். வலியற்ற உயிரைக் காக்கப் போய் இன்னொரு வலியற்றவர் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றுவது தர்மம் ஆகாது.

அப்படியானால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டுமா? கண்மாயின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது.

கண்மாயில் மடை என்பது தரையோடு தரையாக வைக்கப்படுவதில்லை. மடையின் அடிக்கல் ஒரு மட்டத்தில் இருக்கும். உள்வாயில் அதைவிடப் பள்ளமான இடங்கள் உண்டு. மடைத்தண்ணீர் நின்ற பிறகும் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தங்கும். மாடு குடிக்கும், மீன் தங்கும், மரத்தடி நனைந்திருக்கும். நினைத்துச் செய்தார்களோ நினைக்காமல் செய்தார்களோ, வாயில்லா உயிர்களின் பங்கு எது என்பதை அந்தக் கல்லே தீர்த்துவைத்தது. நீர்பாய்ச்சியோ ஊர்ப் பெரியவரோ அதற்காகத் தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு காரியங்கள் அந்தக் கோட்டை அழித்துவிட்டன. ஒன்று, வண்டல். ஆண்டாண்டாகத் தூர் வாராமல் விட்டதில் பள்ளங்கள் மேடாகிப் போயின. மடைமட்டத்துக்குக் கீழே தண்ணீர் தங்கவே இடமில்லை. மண் வந்து மூடியது மனிதனின் பங்கை மட்டுமல்ல. மற்றொன்று, ஆயில் எஞ்சின். கல்லுக்குக் கீழே கிடக்கும் தண்ணீரையும் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கலாம் என்று ஆனபோது, எல்லை என்ற ஒன்று இருந்ததே மறந்துபோனது. எஞ்சின் பாவமான பொருள் இல்லை. அது எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் எடுக்க முடிகிறது என்பதற்காகவே எடுத்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்லத் தொடங்குகிறதே, கலி உள்ளே வரும் வாசல் அதுதான். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கடைசி மீன்வரை அரித்து எடுக்க வலையும் ஆளும் இறக்குவதும், கூட்டில் குஞ்சு இருக்கும்போதே ஊர் கூடி மீன்பிடித் திருவிழா வைப்பதும் அதே வாசல் வழியாக வருகிறவைதான். ஒரு மாதம் தள்ளி வைத்தால் மீன் ஓடிவிடாது.

சீமைக்கருவேலத்தின் கதையும் இங்கே சொல்ல வேண்டியது. தண்ணீரை உறிஞ்சும் மரம், வேரோடு பிடுங்க வேண்டும் என்ற குரல் ராமநாதபுரத்தில் நெடுநாளாகக் கேட்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அகற்ற உத்தரவிட்டது. கண்மாயைக் கெடுப்பது மெய்தான். ஆனால் நாட்டுக்கருவேலம் குறைந்துபோன கண்மாய்களில் நாரையும் கொக்கும் அந்தச் சீமை மரத்திலேயே கூடு கட்டப் பழகிவிட்டன. வேண்டாத மரத்தில் வேண்டிய உயிர் குடியிருக்கிறது. கூடு இருக்கும் மாதத்தில் இயந்திரத்தை இறக்கினால் நல்ல காரியமே கொலையாக முடியும். குஞ்சு பறந்த பின் வெட்டலாம். அதற்கு முன்பே நாட்டு மரத்தை ஊன்றி வளர்த்திருக்க வேண்டும். அந்த மரம் கூடு தாங்கும் அளவுக்குப் பருக்கப் பல ஆண்டு ஆகும். பொறுமை பெரிது என்பதை இங்கே ஆண்டுக் கணக்கில் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

தீவு ஒரு முறை போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கவும் வெகுதூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று எண்ணினார்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பெலிக்கன் தீவு என்று ஒரு சின்னஞ்சிறு தீவு உண்டு. சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று கொக்குகளைக் கூட்டிலேயே சுட்டுத் தள்ளிய காலம் அது. குஞ்சுகள் பட்டினியில் செத்தன. 1903-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அந்தத் தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். சுடுவது நின்றது. ஆனால் பின்னாளில் படகு எழுப்பும் அலை அரித்து அரித்து அந்தத் தீவு பாதிக்கும் மேல் கரைந்தது. சிப்பி ஓட்டைக் கொட்டிக் கரை கட்டித்தான் மிச்சத்தைக் காத்தார்கள். கொல்லாமல் இருந்தால் போதும் என்று அவர்கள் நினைத்த காலத்திலும் தீவு கரைந்துகொண்டேதான் இருந்தது.

கண்மாய்க்குள் இருக்கும் தீவு மணல் தீவைவிட எளிதாகக் கரையும். ஒரு எஞ்சின் நாலு நாள் ஓடினால் போதும். அதைத் திரும்பக் கட்டுவதும் அதே அளவு எளிது என்பது ஒரு ஆறுதல். ஆனி, ஆடியில் கண்மாய் காய்ந்து கிடக்கும். குஞ்சு இல்லை, கூடு இல்லை. அப்போது உரிய அனுமதியோடு மரக்கூட்டத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, எடுத்த மண்ணில் ஒரு பகுதியை நடுவே திட்டாகக் குவித்து, நாட்டுக்கருவேல விதை ஊன்றலாம். மீதி வண்டல் வயலுக்குப் போகும். கடைமடைக்காரருக்கு முதல் வண்டி. வரத்துக்கால் அடைப்பை எடுத்தால் முதல் மழையே உள்ளே வரும். இரு தரப்புக்கும் தண்ணீர் கூடும். மழை குறைந்த ஆண்டில் கடைமடையின் நட்டத்தை ஊர்ப்பொதுவும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பறவை பார்க்க வருகிறவர்களும் அதில் பங்கு ஏற்கலாம்.

பிறகு மடைக்கல்லில் ஒரு கோடு வேண்டும். அதற்குக் கீழே எஞ்சின் குழாய் இறங்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நாள்வரை என்பதை நாள்காட்டி சொல்லாது. கரையில் நின்று மரத்தைப் பார்த்தால் தெரியும். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை, கடைசிக் கூட்டின் குஞ்சு கிளை நுனிக்கு வந்து, இரண்டு முறை தடுமாறி, சிறகை அடித்து எதிர்க்கரை வரை போய்ச் சேரும். அன்று சாயங்காலம் கோட்டுக்குக் கீழே உள்ள தண்ணீரையும் எடுக்கலாம். பச்சை நிறத்தில், எச்ச வாடையோடு, அது வயலுக்குப் போகும்.